யாருடைய உடலில் கற்ற மருத்துவம்?
விமானப்படை வைத்தியர்களுக்கு வழங்கப்பட்ட கௌரவங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

ஆகாயத்தில் விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்டால் எம்மில் பலர் இன்றும் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் நின்றுவிடுகிறோம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய நாட்களை மனம் மறக்க நினைத்தாலும் உடல் மறப்பதில்லை. அப்படியிருக்க, உலகின் விமானப்படைகளில் பணியாற்றிய வைத்தியர்களைப் பற்றி எமது சஞ்சிகையில் ஒரு கட்டுரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, யுத்த விமானங்களுக்காகக் கண்டறியப்பட்ட மருத்துவ அறிவு இன்று எம் போன்ற சாதாரண மக்களின் உயிரையும் காக்கின்றது. இரண்டாவது, அந்த அறிவைத் தேடியவர்களில் சிலருக்கு வழங்கப்பட்ட கௌரவம் நிலைத்து நிற்கின்றது. ஒருவருக்கு வழங்கப்பட்ட கௌரவமோ மீளப் பெறப்பட்டது. ஏன் இந்த வேறுபாடு என்று பார்த்தால், யுத்தத்தின் சுமையைத் தாங்கிய பெண்களாகிய எமக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கின்றது.

வானில் உடலுக்கு என்ன நேர்கிறது?

மனித உடல் தரையில் வாழ்வதற்கென்றே அமைந்தது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதைப் போல இரு மடங்குக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 5,500 மீற்றரில், காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் பாதியாகி விடுகின்றது. பழக்கமில்லாத ஒருவருக்கு அங்கே மூச்சு வாங்கும், தலை சுற்றும், புத்தி தடுமாறும். இன்னும் மேலே போனால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். ஏறத்தாழ 19 கிலோமீற்றர் உயரத்தில் அழுத்தம் எவ்வளவு குறைவென்றால், எமது உடற்சூட்டிலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த எல்லையை அறிந்து சொன்னவர் ஹரி ஆம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கப் படை வைத்தியர். அவரது பெயராலேயே அது ‘ஆம்ஸ்ட்ரோங் எல்லை’ என அழைக்கப்படுகின்றது.

உயரம் மட்டுமல்ல, வேகமும் உடலைப் பாதிக்கின்றது. விமானம் திடீரெனத் திரும்பும்போது மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து விமானியின் கண்கள் இருண்டுவிடும். கடுங்குளிர், களைப்பு, திசைமயக்கம் என்று வேறு பல ஆபத்துகளும் உண்டு. முதலாம் உலக யுத்த காலத்தில் விமானிகள் எதிரியின் குண்டினால் மாத்திரமன்றி இத்தகைய காரணங்களாலும் மாண்டார்கள். இதனால் விமானிகளின் உடல்நலத்தைக் கவனிப்பதற்கென்றே தனியான வைத்தியர்கள் நியமிக்கப்பட்டனர். இவர்கள் வளர்த்த துறையே வான்வெளி மருத்துவம்.

மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற சகோதரிகள் எம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் பத்துக் கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தில் பறந்தபோதும் சாதாரணமாக மூச்சு விட்டார்கள், சாப்பிட்டார்கள், உறங்கினார்கள். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டி வைக்கப்படுவதே இதற்குக் காரணம். எவ்வளவு அழுத்தம் இருந்தால் உடல் தாங்கும் என்பதைக் கணித்துக் கொடுத்தவர்கள் இந்த வைத்தியர்களே.

தன்னையே கட்டிவைத்த வைத்தியர்

இவர்களுள் மறக்க முடியாத ஒருவர் ஜோன் போல் ஸ்டாப். கிறிஸ்தவ மதப் பணியாளர்களின் மகனாக 1910ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் பிறந்த அமெரிக்கர். அவர் மாணவராக இருந்த காலத்தில், 1928 நத்தார் விடுமுறையின்போது, உறவினர் வீட்டுக் கைக்குழந்தை ஒன்று தவழ்ந்து போய்க் கணப்பு நெருப்பில் விழுந்துவிட்டது. கடுமையாக எரிகாயப்பட்ட அக்குழந்தையின் அருகிலிருந்து 62 மணித்தியாலங்கள் அவர் பராமரித்தார். குழந்தை பிழைக்கவில்லை. தான் ஒரு வைத்தியராக வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான். ஆனால் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லப் பணமிருக்கவில்லை. ஆசிரியராக வேலை பார்த்தும் வேறு படிப்புகளை முடித்தும் காத்திருந்து, 1944இல் தமது 34ஆவது வயதளவிலேயே அவர் வைத்தியரானார். அதே ஆண்டில் படையிலும் சேர்ந்தார்.

அக்காலத்தில் விமான விபத்துகளில் விமானிகள் இறப்பது தவிர்க்க முடியாதது என்றே கருதப்பட்டது. உடல் தன் நிறையைப் போல 18 மடங்குக்கு மேற்பட்ட விசையைத் தாங்காது என்று நம்பப்பட்டது. ஸ்டாப் இதனைச் சந்தேகித்தார். மனிதர்களைக் கொல்வது மோதலின் விசை மட்டுமல்ல, உறுதியற்ற ஆசனமும் பட்டியும்தான் என்று அவர் எண்ணினார். இதைச் சோதிக்க 1947இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் தண்டவாளம் ஒன்றின் மீது ரொக்கட் பூட்டிய வண்டி ஓடவிடப்பட்டது. முதலில் அதில் ஒரு பொம்மையை வைத்து ஓட்டினார்கள். குரங்கினங்களையும் பயன்படுத்தினார்கள். அடுத்து மனிதர் ஒருவர் ஏற வேண்டும். யாரை ஏற்றுவது?

ஸ்டாப் தாமே ஏறினார். ஒரு தடவை, இரு தடவை அல்ல, மொத்தம் 29 தடவைகள். விலா எலும்புகள் முறிந்தன. மணிக்கட்டு இரு தடவைகள் முறிந்தது. கண்ணின் உட்புறத்தில் இரத்தம் கசிந்தது. ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, குணமானதும் மீண்டும் ஏறினார்.

1954 டிசெம்பர் 10ஆம் திகதி நியூ மெக்சிகோ மாநிலத்தில் அவர் தமது கடைசி ஓட்டத்தை மேற்கொண்டார். பார்வை போய்விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் முன்கூட்டியே இருட்டில் உடுப்பு மாற்றிப் பழகிக்கொண்டார். ஒன்பது ரொக்கட்டுகள் தள்ளிய அந்த வண்டி ஐந்து செக்கன்களில் மணிக்கு 1,017 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. பின்னர் ஒன்றரைச் செக்கனுக்கும் குறைவான நேரத்தில் நிறுத்தப்பட்டது. ஈர்ப்பு விசையைப் போல 46 மடங்கு விசை அவரது உடலை அழுத்தியது. மூன்று தொன்னுக்கும் மேற்பட்ட பாரம் ஒரு மனிதர் மீது விழுந்ததற்குச் சமம். கண்களில் இரத்தம் நிறைந்து பார்வை மறைந்தது. ஆனால் அவர் உயிருடன் இருந்தார். மெல்ல மெல்லப் பார்வையும் திரும்பியது. உறுதியான பட்டியால் சரியாகக் கட்டப்பட்டால் மனிதர் மிகக் கடுமையான மோதலிலும் பிழைக்கலாம் என்பது நிரூபிக்கப்பட்டது.

ஸ்டாப் அத்துடன் நிற்கவில்லை. விமானப்படையினர் விமான விபத்துகளுக்குக் குறையாத அளவில் வீதி விபத்துகளிலும் இறப்பதை அவர் கண்டார். அப்படியானால் இந்த அறிவு விமானிகளுக்கு மட்டும் உரியதல்ல, வீதியில் போகும் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது என்று வாதாடினார். 1955இல் கார் உற்பத்தியாளர்களையும் ஆய்வாளர்களையும் அழைத்து மாநாடு ஒன்றை நடத்தினார். அம்மாநாடு அவரது பெயரால் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1966 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டபோது ஸ்டாப்பும் அங்கே இருந்தார். ஆசனப்பட்டி புதிய கார்களில் கட்டாயமானது அதன் வழியாகத்தான். இலங்கையிலும் 2011 முதல் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது சட்டம்.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பாலைவனப் படைத்தளத்தில் பணியாற்றியவர்களின் மனைவி பிள்ளைகளுக்கு அக்காலத்தில் உத்தியோகபூர்வ மருத்துவ வசதி இருக்கவில்லை. பகலில் ஆய்வு வேலை பார்த்த ஸ்டாப், வேலை முடிந்ததும் அக்குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று இலவசமாகச் சிகிச்சை அளித்தார். இத்தகைய மனிதருக்கு 1991இல் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. அவர் 1999இல், 89ஆவது வயதில் காலமானார்.

மீளப் பெறப்பட்ட கௌரவம்

நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரில் விண்வெளி அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அதன் பூங்கா ஸ்டாப்பின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள புகழ் மண்டபத்தில் 1978ஆம் ஆண்டு இன்னொரு வைத்தியரின் பெயரும் சேர்க்கப்பட்டது. அவர் ஹியூபெர்ட்டஸ் ஸ்ட்ரக்ஹோல்ட். ‘விண்வெளி மருத்துவத்தின் தந்தை’ என்று போற்றப்பட்டவர். அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கப்பட்டது. படைத்தள நூலகம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் வேறு இடத்தில் இருந்தார். ஹிட்லரின் ஜேர்மனியில் விமானப்படையின் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு அவரே தலைவர். அந்தக் காலத்தில் டக்காவ் வதைமுகாமில் விமானப்படைக்காகக் கொடிய பரிசோதனைகள் நடத்தப்பட்டன. கைதிகளை இறுக்கமான அறையில் அடைத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்து, அவர்கள் எப்போது இறக்கிறார்கள் என்று குறித்தார்கள். ஏறத்தாழ 200 பேர் அவ்வாறு பயன்படுத்தப்பட்டனர். 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேறு கைதிகளைப் பனிக்கட்டி நீரில் மணிக்கணக்காக அமிழ்த்தினார்கள். அதிலும் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்தப் பரிசோதனைகளை ஸ்ட்ரக்ஹோல்ட் தாமே நடத்தவில்லை. ஆனால் 1942 ஒக்டோபரில் குளிர்நீர்ப் பரிசோதனைகளின் முடிவுகள் வாசிக்கப்பட்ட கூட்டத்தில் அவரும் இருந்தார். பின்னாளில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. 1943இல் வலிப்பு நோயுள்ள ஆறு பிள்ளைகள் அவரது பெர்லின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறையில் வைத்துச் சோதிக்கப்பட்டனர். அவர்களின் வயது 11க்கும் 13க்கும் இடைப்பட்டது. அப்பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களின் தாய்மாருக்கு இது தெரிந்திருக்குமா என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

யுத்தம் முடிந்ததும் அவரது அறிவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 1947இல் அவர் அங்கு அழைத்துச் செல்லப்பட்டார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. 1986இல் புகழுடனேயே காலமானார். ஆனால் ஆவணங்கள் இறப்பதில்லை. தப்பிப் பிழைத்தோரும் இறந்தோரின் உறவினரும் ஆய்வாளரும் கேள்வி எழுப்பிக்கொண்டே இருந்தனர். 1995இல் நூலகத்திலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2006இல் புகழ் மண்டபத்திலிருந்து நீக்கப்பட்டது. 2013இல் அவர் பெயரிலான விருதும் நிறுத்தப்பட்டது.

ஒரே அருங்காட்சியகம், ஒரே துறை. ஒரு பெயர் அழிக்கப்பட்டது, மற்றது நிலைத்தது. ஒருவர் ஆபத்தான ஆசனத்தில் தாமே அமர்ந்தார். மற்றவரின் துறையிலோ, மறுக்க முடியாத மனிதர்கள் கட்டிவைக்கப்பட்டனர். அதை அறிந்தும் அவர் மௌனமாக இருந்தார்.

தழும்புகளைக் காட்டிய பெண்கள்

1946 டிசெம்பரில் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் இத்தகைய வைத்தியர்கள் மீதான வழக்கு ஆரம்பமானது. விமானப்படைக்காக நடந்த பரிசோதனைகளும் ஏனைய முகாம்களில் நடந்தவையும் அங்கே விசாரிக்கப்பட்டன. ரவென்ஸ்புறூக் என்ற பெண்கள் முகாமில் கால்களில் வெட்டிச் சோதிக்கப்பட்ட போலந்துப் பெண்கள் நால்வர் சாட்சி சொல்ல வந்தனர். நிறைந்த நீதிமன்றத்தில் அவர்கள் தமது கால்களில் இருந்த தழும்புகளைக் காட்டினார்கள். தமது துன்பத்தை அந்நியர் முன் சொல்வது எத்தனை கடினம் என்பதை உங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1947 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. அத்துடன் பத்து விதிகளும் வெளியிடப்பட்டன. மனிதர் மீது எந்தப் பரிசோதனை செய்வதானாலும் அவரது சுயவிருப்பமான சம்மதம் கட்டாயம் தேவை என்பது அவற்றுள் முதலாவது விதி. விரும்பினால் இடையில் விலகிக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு. இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கு அடிப்படையாக இருப்பவை அந்த விதிகளே.

இடம்பெயர்ந்து வந்த ஒருவரைப் பார்த்து

எமக்கு அண்மைய நாட்டிலிருந்தும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுபெறாது. இந்தியாவின் திருப்பதியில் 1944இல் பிறந்து டில்லியில் வளர்ந்தவர் பத்மாவதி பந்தோபாத்யாய. தாயார் காசநோயால் படுக்கையில் கிடந்தார். ஐந்து வயதளவிலேயே தாயைப் பராமரிக்கும் பொறுப்பு அச்சிறுமியின் தலையில் விழுந்தது. விளையாட வேண்டிய வயதில் நோயாளியைப் பார்த்த பிள்ளைகள் எங்கள் ஊர்களிலும் இல்லாமலில்லை.

அவர்களது வீட்டுக்கு எதிரே ஒரு பெண் வைத்தியர் குடியிருந்தார். அவர் பெயரும் பத்மாவதிதான். பின்னாளில் இந்தியாவின் முதலாவது பெண் இதயநோய் நிபுணர் எனப் புகழ்பெற்ற டாக்டர் எஸ். பத்மாவதி அவரே. பர்மாவில் பிறந்த அவர், 1942இல் யுத்தம் அங்கு வந்தபோது தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தவர். குடும்பத்து ஆண்கள் பர்மாவிலேயே தங்கிவிட்டனர். யுத்தம் முடியும்வரை அவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்பதே தெரியாமல் அப்பெண்கள் மூன்று வருடங்கள் காத்திருந்தனர். அந்த வேதனையைக் கடந்து வந்த ஒருவரைத்தான் எதிர்வீட்டுச் சிறுமி தினமும் பார்த்து, நானும் வைத்தியராவேன் என்று நினைத்தாள்.

டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பாடசாலையில் கலைப் பிரிவில் படித்த சின்னப் பத்மாவதி, பின்னர் விடாமுயற்சியுடன் விஞ்ஞானத்துக்கு மாறினார். 1963இல் பூனேயிலுள்ள படையினர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1968இல் இந்திய விமானப்படையில் வைத்தியரானார். வான்வெளி மருத்துவத்தில் அப்படையின் முதலாவது பெண் நிபுணர் அவர். வடதுருவப் பகுதிக்குச் சென்று ஆய்வு செய்த முதல் இந்தியப் பெண்ணும் அவரே. 1971 யுத்த காலச் சேவைக்காக அவருக்கு விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது. அதே விழாவில் அவரது கணவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. 2004இல் இந்திய விமானப்படையின் முதலாவது பெண் ஏயார் மார்ஷலானார். 2020இல் மருத்துவ சேவைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பதக்கங்கள் எத்தனை வந்தாலும், தாயின் கட்டிலருகே நின்ற சிறுமியிடமிருந்தே அந்த வாழ்க்கை தொடங்கியது.

எமக்கு உரியது என்ன?

சகோதரிகளே, யுத்தத்தின் பின்னர் எம்மைத் தேடியும் பலர் வந்தார்கள். விபரம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், ஒலிப்பதிவு செய்தார்கள், படிவங்களில் ஒப்பம் வாங்கினார்கள். நல்ல நோக்கத்துடன் வந்தவர்களே அதிகம். ஆனாலும் எமக்கொரு உரிமை உண்டு என்பதை மறந்துவிடலாகாது. இது எதற்கு, யாருக்குப் போகும், எனக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து, மறுத்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரும் அவ்வாறே வைத்தியரிடம் கேளுங்கள். விளங்காவிட்டால் மீண்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆய்வு ஒன்றில் சேரப் பிடிக்காவிட்டால் மறுக்கலாம். அதற்காக உங்களுக்குரிய சிகிச்சையோ உதவியோ நிறுத்தப்படக் கூடாது. இது யாரும் எமக்குப் போடும் பிச்சையல்ல. தழும்புகளைக் காட்டிய அந்தப் பெண்களும், பெயர் தெரியாமல் மாண்டவர்களும் விலை கொடுத்துப் பெற்ற உரிமை.

அடுத்த முறை வானில் ஏறுவதாயின், பிள்ளையின் இடுப்பில் பட்டியை இறுக்கிவிடுங்கள். வாகனத்தின் முன் ஆசனத்தில் அமர்ந்தாலும் அப்படியே செய்யுங்கள். பாலைவனத்தில் ஒரு மனிதர் தமது எலும்புகளை முறித்துக் கற்றுத்தந்த பாடம் அது.

யாரையாவது கௌரவிக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அவர் அணிந்திருக்கும் சீருடையையோ மார்பிலுள்ள பதக்கத்தையோ முதலில் பார்க்க வேண்டாம். அவர் தேடிய நன்மைக்கான விலையை யாருடைய உடல் கொடுத்தது என்று கேட்போம். அப்படிக் கேட்டால், எந்த மண்டபத்திலும் பெயர் பொறிக்கப்படாத பலர் எங்கள் நினைவுக்கு வருவார்கள். மருந்து இல்லாத நாட்களில் பழைய சேலையைக் கிழித்துக் காயம் கட்டியவர்கள், தன் பங்குக் கஞ்சியை அடுத்த கூடாரத்து நோயாளிக்குக் கொடுத்தவர்கள், இரவிரவாக விழித்திருந்து பிரசவம் பார்த்தவர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். இந்த மாதம் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் செய்ததை நீங்கள் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.